இடது கையால் எறிந்த ஆல்ஸ்டன் லிபர்ட்

எங்கள் சாண்டா ரூஃபினா சர்க்கரை ஆலையில் பேஸ்பால் பேச்சு எடுத்தால், தடுப்பாட்டத்தில் யார் பெரியவன் என்ற சண்டையில்தான் போய் முடியும். வானொலியில் கேட்ட அமெரிக்கப் பெயர்களை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். நான் ஆல்ஸ்டன் லிபர்ட் என்பேன். ஆறு வருஷம் அவனுக்குப் பக்கத்தில், பந்தை அடித்தவன் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதில் நின்று ஆடியவன் நான்.

ஆல்ஸ்டன் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள். அதிகமான பந்து வருகிற இடம் அது. அவன் தகப்பனார் நீவிஸ் தீவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். இவன் இங்கேயே பிறந்தவன். மட்டையைக் கொடுத்தால் ஈ ஓட்டுவான். ஆனால் அவனைத் தாண்டிப் பந்து போவதைப் பார்ப்பது அபூர்வம்.

ஐம்பத்தாறாம் வருஷ அரவைப் பருவத்தின்போது, சிக்கிய கரும்பை இழுக்கப் போய் உருளையில் கையைக் கொடுத்துவிட்டான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. ஆலையில் அவனை வாசல் காவலுக்குப் போட்டார்கள். அணியில் அவன் இடத்துக்கு நிக்கானோர் என்ற பையன் வந்தான்.

காயம் ஆறிய மறுவாரமே ஆல்ஸ்டன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"டோரி, இடது கை பிட்சரோட பழைய கையுறை ஒண்ணு வேணும்டா."

"எதுக்கு?"

"சோத்தாங்கையில மாட்டிக்கிட்டு, இடது கையால எறியப்போறேன்."

"இடது கைக்காரன் எவன்டா ஷார்ட்ஸ்டாப் ஆடியிருக்கான்? முதல் பேஸுக்கு எறியணும்னா முழுசாத் திரும்பணும். அதுக்குள்ள அடிச்சவன் அங்க ஓடியே போயிடுவான்."

"அது என் கவலை. கையுறை கிடைக்குமா, கிடைக்காதா?"

வாங்கிக் கொடுத்தேன். விரலில்லாத மூன்று உறைகளுக்குள்ளும் அவன் மனைவி ஈனிட் பழந்துணியைத் திணித்துத் தைத்தாள். கொதிகலன் கூடத்தின் பின்சுவரில் மதிய இடைவேளை முழுவதும் எறிந்தான். முதல் மாதம் பந்து சுவருக்கே போய்ச் சேரவில்லை. மசித்த வாழைக்காயை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவான்.

"அந்தச் சுவரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றாள் ஈனிட். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பந்து உருட்டிப் போட்டவள் அவள்தான்.

பதினோரு மாதம் கழித்து அணி மேலாளர் டான் ஃபெர்மினிடம் போனான். அவர் நேர்மையானவர், வாய்தான் முரடு.

"டேய் லிபர்ட், எனக்கு ஷார்ட்ஸ்டாப் வேணும், சர்க்கஸ்காரன் வேணாம்."

"முப்பது பந்து அடிங்க டான் ஃபெர்மின். அப்புறம் சொல்லுங்க."

அடித்தார். வலப்பக்கம் போனதை எட்டிப் பிடித்து, அந்த வேகத்திலேயே முதுகைக் காட்டிச் சுழன்று எறிந்தான். இடப்பக்கம் போனதை ஓடிக்கொண்டே எடுத்து எறிந்தான். நேராக வந்த பந்துகள்தான் அவனைக் கவிழ்த்தன. நின்று வாங்கி, திரும்பி, எறிவதற்குள் நேரம் போய்விட்டது. அப்படி ஐந்து.

"அஞ்சு பேர் முதல் பேஸுக்கு ஓடிட்டாங்க. போயிட்டு வா தம்பி" என்றார் ஃபெர்மின்.

ஆல்ஸ்டனோடு வீடுவரை நடந்தேன். வீட்டுப் படலைத் திறக்கும்போது சொன்னான்:

"டோரி, நேரா வர்ற பந்துன்னு ஒண்ணு இருக்கிறதே நான் அசையாம நிக்கிறதாலதான். நான் வலப்பக்கமா வளைஞ்சு ஓடிட்டா, அதுவும் இடப்பக்கத்துப் பந்துதானே?"

இன்னும் ஐந்து மாதம். பந்து மட்டையை விட்டதுமே அரைவட்டமாக ஓடி, முதல் பேஸைப் பார்த்து ஓடுகிற ஓட்டத்திலேயே அதை அள்ளினான். அடுத்த அரவைக்கு முன்னால் ஃபெர்மின் மறுபடி முப்பது பந்து அடித்தார். ஒன்று தப்பியது. அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. நிக்கானோர் மூணாவது பேஸுக்குப் போகட்டும்."

அந்த ஞாயிறு லாஸ் பால்மித்தாஸ் ஆலையோடு ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே நேர்ப்பந்து வந்தது. வளையக் கொஞ்சம் தாமதித்தான். பந்து மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. அவர்களுக்கு ஓர் ஓட்டம்.

"ஏய், விரலைத் தேடிக்கிட்டு வாடா!" என்று எதிர்க்கூட்டம் கத்தியது.

அவனை மாற்ற ஃபெர்மின் மைதானத்துக்குள் வந்தார். ஆல்ஸ்டன் அவரை நேராகப் பார்த்தான். "தூக்காதீங்க. அடுத்ததும் எனக்குத்தான் வரும், எனக்கு அது வேணும்." அவர் திரும்பிப் போனார்.

எட்டாவது இன்னிங்ஸில் நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால். அவர்களுக்கு முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள், ஒரு அவுட். பந்து செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு அவனை நோக்கி நேராக வந்தது. இந்த முறை அவன் கால் முந்திக்கொண்டது. வளைந்து அள்ளி, இடது கையால் எனக்குத் தூக்கிப் போட்டான். பந்து என் நெஞ்சுக்கு நேராக வந்தது. பேஸை மிதித்தேன், முதல் பேஸுக்கு எறிந்தேன். முதல் பேஸிலிருந்து ஓடி வந்தவனும் அடித்தவனும் அவுட், மொத்தம் மூன்று ஆகி இன்னிங்ஸ் முடிந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்தும் கணக்கில் சேரவில்லை. கூட்டத்தில் நின்ற ஈனிட் தலைத்துணியை அவிழ்த்துச் சுழற்றினாள்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். ஆனால் மறுவாரம் அவன் இரண்டு பந்துகளை விட்டான், தோற்றோம். அப்படியும் இப்படியுமாகத்தான் அந்த அரவை போனது. அடுத்த வருஷத்திலிருந்து அவன் பக்கம் அடிக்காதே என்று மற்ற ஆலைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அடிப்பதில் மட்டும் கடைசிவரை கடைசி ஆள்தான்.

ஒருமுறை தலைநகரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். கையுறையைக் கழற்றி, கையைக் காட்டச் சொன்னார். படம் எடுக்கவாம்.

"இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றான் ஆல்ஸ்டன். "இப்படி ஓரமா நில்லுங்க. டோரி பந்து அடிப்பான். நான் எறியும்போது எடுங்க."

முதுகைக் காட்டிச் சுழன்று அவன் எறிகிற அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. முகம் தெரியவில்லையே என்று ஈனிட் ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்தாள்.