ஓரம் தள்ளிய தகடு

போன வாரம் கல்லூரியிலிருந்து திரும்பிய என் மகனை நாக்கா சோதனைச்சாவடியில் போலீஸார் நிறுத்திப் பையைக் குடைந்திருக்கிறார்கள். பிறகு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அதை வேடிக்கைபோலச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். நான்தான் அந்தப் பையை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். என் அப்பாவைப் போலீஸார் அழைத்துப்போன நாளைப் பற்றி அவனிடம் நான் சொன்னதே இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தாராவியில் கீழே எங்கள் வீடு. இரும்பு ஏணியில் ஏறினால் அப்பாவின் பட்டறை. சரித்திரப் படங்களுக்குப் பொய்த் துப்பாக்கி செய்துகொடுப்பார். வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகை. குழல் நிஜ இரும்புக் குழாய்தான். உள்ளே மரக்கட்டையை அறைந்து அடைத்திருப்பார். குழலின் நுனியில் குறிபார்க்க, குண்டுமணி அளவில் ஒரு இரும்பு மணி. பின்பக்கம், குறுக்கே வெட்டிய பள்ளத்தில் செருகிய சிறு தகடு. அதன் நடுவில் ஒரு வெட்டு. வெட்டுக்குள் மணி தெரிந்தால் குறி சரி. அப்பா மட்டும் அந்தத் தகட்டை இடப்பக்கமாகத் தள்ளியே பொருத்துவார்.

"கோணலா இருக்கேப்பா?"

"இருக்கட்டும்ட்டி. பொய்த் துப்பாக்கிக்கு என்னத்துக்குக் குறி? கேமராவுக்கு இது தெரியவா போவுது?"

எனக்கு அது சோம்பலாகப் பட்டது. என் பள்ளியில் கோடு கோணினால் டீச்சர் விரல் முட்டியிலேயே போடுவார். மறுநாள் அப்பா டீ குடிக்கப் போன நேரம் ஒரு துப்பாக்கியை எடுத்து, சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டி நகர்த்தினேன். எதிர்வீட்டுத் தண்ணீர் டிரம்மின் குழாய், வெட்டுக்கும் மணிக்கும் நேராக வந்து உட்காரும்வரை தட்டினேன்.

பம்பாய்க் கலவரம் ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த வாரமே போலீஸார் வீடுவீடாக ஆயுதம் தேடி வந்தார்கள். அப்பா பதறவில்லை. மேலே ஏறிவந்த இன்ஸ்பெக்டரிடம் "நக்லி ஹை சாப்", போலிதான் என்று ஒரு துப்பாக்கியை நீட்டினார். இந்தத் தகட்டை வைத்துக் குறிபார்த்தால் யானையைக்கூடச் சுட முடியாது என்றார் இந்தியில். இன்ஸ்பெக்டர் கண்ணை வைத்துப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதையும் பார்த்தார். மூன்றாவதில் சிரிப்பு நின்றது.

"யே தோ ஏக்தம் சீதா ஹை. கிஸ்னே கியா?"

இது மட்டும் இவ்வளவு நேராக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். அடைத்த கட்டையைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும் என்றும் கேட்டார்.

அப்பா தகட்டைப் பார்த்தார். அதன் ஓரமெல்லாம் சுத்தியல் தழும்பு. பிறகு ஏணியருகே நின்ற என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, கீழ போயி அம்மாட்ட டீ போடச் சொல்லு" என்றார் சட்டென்று. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "மைனே கியா சாப்" என்றார். நான்தான் செய்தேன் என்று.

டீ கொதிப்பதற்குள் அவரை அழைத்துப்போய்விட்டார்கள். படக்கம்பெனி ஆள் வந்து பேசி, ஒரு குழலை அறுத்துக் காட்டிய பிறகு, மறுநாள் மாலைதான் விட்டார்கள். அப்பா நொண்டிக்கொண்டு வந்தார். கால் சுளுக்கிவிட்டது என்றார்.

அம்மா அவருக்கு ஒத்தடம் கொடுத்தபடி, "அப்பாட்ட வந்து செத்த உக்காரேன்ட்டி" என்றாள். நான் போகவில்லை. அத்தனை பொறுமையாக நான் செய்த வேலையை, எல்லார் முன்னாலும் தன் வேலையென்று சொல்லிக்கொண்டாரே என்று கோபம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.