அட்டையில் எழுதிய பெயர்

இந்த நாட்டில் காகிதத்தைப் பிறக்கும்போதே கிழடாக்கி விற்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் அரிசியும் பாலும் வாங்கப் போகும் அந்தப் பெரிய கடையில், காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைப் பக்கற்றுகள் தொங்கும். மேலே ரெட்ரோ, அதாவது பழைய காலத்துப் பாணி, என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் இந்த வருடம் விளையாடுகிற பொடியன்கள். அட்டை மட்டும் அவர்களின் பூட்டன் காலத்தது போல இருக்கும். மங்கிய நிறம், சொரசொரத்த தாள், ஓரமெல்லாம் பழுப்பு. போன மாதம் அச்சடித்த பழுப்பு. அதற்கு எங்களிடம் காசும் வாங்குகிறார்கள்.

என் மகள் அபிராமிக்கு இந்தப் பக்கற்றுகளில் பெரிய பைத்தியம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் மரக்கறிப் பைகளை நிலத்திலே விட்டுவிட்டுச் சமையலறை மேசையில் இருந்து ஒவ்வொன்றாகக் கிழிப்பாள். நான் எதிரே இருப்பேன். எனக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. “உவன் ஆர்?” என்று கேட்பேன். அவள் சொல்லுவாள். மனைவிக்குச் சனிக்கிழமை வேலை. வார நாட்களில் நான் விடியப்புறமே பாடசாலை பஸ் ஓட்டப் போய்விடுவேன். அப்பனும் மகளும் வாய்விட்டுக் கதைக்கிறது கிழமையில் அந்த ஒரு பொழுதுதான். அதனால் அந்தப் போலிக் கிழட்டுத் தாளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

இந்த வருடம் அக்கா வந்தார். எனக்கு உடன்பிறப்பென்று இருக்கிறது அவர் ஒருவர்தான். நான் கனடாவுக்கு விமானம் ஏறினேன், அவர் ஏறவில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊரான கீரிமலையிலிருந்து எழும்பி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கோப்பாயில் ஒதுங்கியவர். மூன்று மாத விசாவில் வந்து எங்களுடன் மேசையில் இருந்தார். “மாமி, இவர்தான் பந்து எறியிறவர்” என்று அபி சொல்லிக் கொடுக்க, அக்கா ஓம் ஓம் என்று தலையாட்டுவார். யாழ்ப்பாணம் வா என்று எத்தனையோ வருடமாக நான் கெஞ்சியும் அசையாத பிள்ளை, அக்கா வந்து ஒரு கிழமையில், “டிசம்பரில் நானும் மாமியோடை போறன்” என்றாள். ரிக்கெற்றும் எடுத்துவிட்டோம். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புலம்பெயர்ந்து பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒரு சனிக்கிழமை பக்கற்றைக் கிழித்தவள் வீடு அதிரக் கத்தினாள். “என்ன பிள்ளை, விரலை வெட்டிப் போட்டியோ?” என்று அக்கா பதறி எழும்பினார். விரல் இல்லை, கையெழுத்து. புதிதாகப் பெயரெடுக்கிற ஒரு ஆட்டக்காரன் தன் கையாலேயே பெயர் எழுதிய அட்டை. ஆயிரத்தில் ஒருவருக்கும் கிடைக்காதாம். அபி மாமியைக் கட்டிப்பிடித்து ஆடினாள். பிறகு அதை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து மூடினாள்.

அடுத்த கிழமை நாங்கள் வேலையாலும் வகுப்பாலும் வந்தபோது அக்கா முகம் மலர்ந்து நின்றார்.

“அபி, உன்ரை சாமான் எல்லாத்திலையும் பேர் எழுதி விட்டிருக்கிறன். இனி ஒருத்தரும் மாறி எடுக்கேலாது.”

மேசை லாச்சிக்குள் கிடந்த என் கறுத்த மார்க்கர் பேனையால், அத்தனை அட்டைகளையும் உறையிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் உருண்டையான எழுத்தில் ‘சி. அபிராமி’ என்று எழுதித் திரும்ப உறைக்குள் வைத்திருந்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் முன்பக்கத்தில். எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

“ஏன் மாமி? ஏன் முன்னுக்கு?” என்று கேட்டாள் அபி.

“அதிலை வேறை ஆரோ தன்ரை பேரை எழுதிப் போட்டானெல்லே. நாளைக்கு வந்து தன்ரை எண்டு நிண்டால்? அதுதான் கீழை உன்ரை பேரை வடிவா எழுதி விட்டனான்.”

அபி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். நாசமாக்கிவிட்டார், நாசமாக்கிவிட்டார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்காவுக்கு ஆங்கிலம் வராது என்று யார் சொன்னது? அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே விளங்கும். “டிசம்பருக்கு நான் வரேல்லை” என்று கடைசியில் தமிழில் சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் அக்கா என்னிடம், “தம்பி, என்ரை ரிக்கெற்றை முன்னுக்கு மாத்தித் தா, நான் போறன்” என்றார். அக்கா இப்படி மனம் நொந்து போனால் என் பிள்ளைக்கு அந்த மண்ணில் போய் நிற்க ஒரு ஆளும் இல்லை.

மையை அழிக்க வழியிருக்கிறதா என்று கேட்க, இந்த அட்டைகளை வாங்கி விற்கிற ஒரு கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் பூதக்கண்ணாடியை எடுத்தான். தமிழெழுத்தைக் கண்டதும் அவன் கண் விரிந்தது. “இரண்டு கையெழுத்தா? இரண்டாவது வீரர் எந்த நாட்டவர்?”

“வீரர் இல்லை. என் மகள்.”

“உங்கள் மகள் விளையாடுவாரா?”

“இல்லை. அட்டை அவளுடையது. உடையவளின் பெயர்.”

அவ்வளவுதான். அட்டையைக் கீழே வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினான். “அப்படியென்றால் இது பழுதான சாமான்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. இது என்ன நியாயம்? எவனோ ஒருத்தன் கிறுக்கினால் விலை ஏறும், உடையவள் பெயர் எழுதினால் குப்பையா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையே கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவனோ நான் விலை பேசுகிறேன் என்று நினைத்து, இரக்கப்பட்டு, ஐந்து டொலர் தரலாம் என்றான். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அக்காவுக்குச் சொல்லும்போதும் என் சத்தம் குறையவில்லை. அபி மாடிப்படியில் வந்து நின்று கேட்டாள். அக்கா ஆறுதலாகச் சொன்னார்: “உவனும் அந்த ஹோட்டல்காரர் மாதிரித்தான்.”

“எந்த ஹோட்டல்?” என்று கேட்டேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் வீட்டில் இராது. ஒரு கலியாணம் என்றால் பத்து வீட்டுப் பாத்திரம் ஒரு முற்றத்தில் சேரும். முடிந்ததும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திரும்பும். இடம்பெயர்ந்து பாடசாலைகளில் கூட்டமாகக் கிடந்தபோதும், பெயர் இருந்த வாளிதான் உடையவரிடம் திரும்பி வந்தது. ஒரு பொருளில் பிரியம் இருந்தால் அக்கா முதல் செய்கிற காரியம் அதில் பெயர் போடுவது. எங்கள் வீட்டில் இருநூறு பேருக்குச் சோறு அவிக்கிற ஒரு பித்தளைக் கிடாரம் இருந்தது. விளிம்புக்குக் கீழே ‘சி.வே. கீரிமலை’ என்று அப்பா வெட்டுவித்திருந்தார். ஓடின அன்று அதைக் குசினிக்குள் கவிழ்த்துவிட்டு ஓடினோம். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்தபோது குசினியும் இல்லை, சுவரும் இல்லை. கிணற்றைக்கூடத் தூர்த்திருந்தார்கள்.

அக்கா சொன்னார்: “லண்டன்காரர் ஆரோ தங்கடை பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்கை ஒரு புது ஹோட்டலிலை செய்தவை. போனன். வாசலிலை எங்கடை கிடாரம். தண்ணி விட்டுப் பூ மிதக்க விட்டிருக்கினம். குனிஞ்சு தடவிப் பாத்தன், எழுத்து அப்பிடியே இருக்கு. வேட்டி கட்டின ஒரு பொடியன் ஓடி வந்து, ‘அம்மா தொடாதேங்கோ, அது அன்ரிக், பழைய காலத்துச் சாமான்’ எண்டான். ‘இது எங்கடை கிடாரம், தம்பி, இஞ்சை பேர் இருக்கு’ எண்டன். ‘வாற ஆக்களெல்லாம் அப்பிடித்தான் சொல்லுறவை’ எண்டு சிரிச்சான்.”

“ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கனடாவிலை இருந்து கத்துவாய். கத்தி என்ன வரப்போகுது?”

கத்தினேன். யார் என் கையில் அகப்பட்டிருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பேன். எங்கள் வீட்டுக் கூரை, கதவு, நிலை எல்லாம் யாரோ ஏற்றிக் கொண்டுபோனபோது அவை வெறும் பழஞ்சாமான். அதையே மினுக்கி வெளிச்சம் போட்டு வைத்தால் மரபாம், பாரம்பரியமாம். இங்கே பழசைத் தொழிற்சாலையில் செய்கிறான். அங்கே அடுத்தவன் குசினியிலிருந்து எடுக்கிறான். இரண்டு பேருக்கும் உடையவன் பெயர்தான் இடைஞ்சல்.

அபி படியிறங்கி வந்து ஹோட்டலின் பெயரைக் கேட்டாள். போனில் தேடினாள். வாசல் படம் இருந்தது. விரல்களால் பெருப்பித்து, “அப்பா, இது சி தானே? இது வே?” என்று எழுத்துக் கூட்டினாள். பிறகு அந்தப் படத்துக்குக் கீழே, இது என் அப்பப்பாவின் கிடாரம், பெயர் வெட்டியிருக்கிறது பாருங்கள், எப்படி உங்களிடம் வந்தது என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பதில் உடனே வந்தது. ஒரு இதயப் படம். உங்கள் இனிய நினைவைப் பகிர்ந்ததற்கு நன்றி. எங்களிடம் நேரடியாக அறை பதிவு செய்தால் விலைக்கழிவு உண்டு.

போனை மேசையில் அடித்து வைத்தாள். அந்த முகத்தை நான் அறிவேன். வேலிச் சண்டைக்கு இறங்கும்போது எங்கள் அப்பாவுக்கு வருகிற முகம். அக்காவும் அதைக் கண்டுகொண்டார்.

“மாமி, ரிக்கெற் மாத்த வேண்டாம். நான் வாறன். போய்த் தூக்குவம்.”

“ரெண்டு பேராலை ஏலாது பிள்ளை, நாலு பேர் வேணும்.” அக்காவின் குரலில் உசார் ஏறிவிட்டது. “ஊர் விதானையாரிட்டைக் கடிதம் எடுப்பம். பொலிசிலை முறைப்பாடு போடுவம். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒண்டு பிடிச்சு ஏத்தலாம்.” நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்தோம்.

“ஏத்திக்கொண்டு எங்கை வைக்கிறது?” என்று கேட்டாள் அபி.

“கோப்பாயிலை...” என்று தொடங்கிய அக்கா நிறுத்தினார். அங்கே அவர் ஒற்றைக் காஸ் அடுப்பில் ஒருவருக்குச் சமைக்கிறார். வாசல் ஒரு சைக்கிளுக்கே மட்டுமட்டு. கீரிமலையில் காணி இருக்கிறது, மேலே வானம்தான். அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கள் மின்னடுப்பைப் பார்த்தேன்.

“எவ்வளவு பெரிசு? இவ்வளவோ?” அபி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“இல்லை, இன்னும்.” அக்கா அவளின் மணிக்கட்டுகளைப் பிடித்து அகட்டினார். “இன்னும் கொஞ்சம்.”

ஒரு கை குளிர்சாதனப் பெட்டியில் இடித்தது. மறுகை சுவரில் இடித்தது. அக்கா இன்னும் அகட்டிக்கொண்டிருந்தார்.