எலிடா மணி அடிக்காத மதியம்

எலிடா பெந்தன்கூர் முப்பது வருடம் எங்கள் ஊர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊர் முழுவதையும் பேச வைத்தவள், சொந்த அக்காவோடு பதினொரு வருடம் பேசவில்லை.

காரணம் சின்னது. தலைநகர் மொந்தெவிதேயோவில் குடியேறிவிட்ட அக்கா நெல்வா, ஒருநாள் மதியம் இரண்டரை மணிக்கு போன் செய்தாள். எங்கள் ஊரில் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தூக்க நேரம், நாய்கூடக் குரைக்காது. அந்நேரம் போன் அடித்தால் சாவுச் செய்திதான். எலிடா வெறுங்காலோடு ஓடிவந்து எடுத்தாள்.

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலடி. குலுக்கல்ல எனக்கு ஃப்ரிட்ஜ் விழுந்திருக்கு!"

"அப்ப நாலு மணிக்குக் கூப்பிடு."

வைத்துவிட்டாள். நெல்வா அன்று நாலு மணிக்கும் கூப்பிடவில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

இப்போது அறுபத்து மூன்று வயதில் எலிடாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வால்தெமார், ஓய்வுபெற்ற தபால்காரர். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவர், அவளுக்கு ஒன்றுகூட எழுதியதில்லை. பதிவுத் திருமணத்துக்கு நாலு சாட்சி வேண்டும். மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவது நெல்வாதான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றாள் எலிடா. இதை போனில் கேட்க முடியாது, கெடுத்ததே போன்தான். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெந்நீர் ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைநகருக்கு பஸ் ஏறினாள்.

பதினொன்றுக்குச் சேர்ந்து, பன்னிரண்டுக்குள் பேசி முடித்துவிடுவதாகத் திட்டம். வழியில் டயர் வெடித்தது. நெல்வாவின் கட்டிட வாசலில் அவள் நின்றபோது மணி பன்னிரண்டே முக்கால். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் நாலரைக்கு.

அழைப்பு மணிப் பொத்தானின் பக்கத்தில் நெல்வாவின் பெயர் இருந்தது. எலிடா அதைப் படித்தாள், அடிக்கவில்லை. எதிரே இருந்த சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து மாத்தே இலையில் வெந்நீரை ஊற்றி ஊற்றி உறிஞ்ச ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒருவன் இயந்திரம் வைத்துச் சாலையை உடைத்துக்கொண்டிருந்தான். பஸ்கள் அலறின. அலுவலக ஆட்கள் சாண்ட்விச்சைக் கடித்தபடி ஓடினார்கள். இந்த ஊரில் யாரும் மதியம் தூங்குவதில்லை என்பது கண்முன்னே தெரிந்தது. எலிடா அதை ஏற்கவில்லை. நெல்வா எங்கள் ஊரில் பிறந்தவள்.

மூன்று மணிக்கு வெந்நீர் தீர்ந்தது. மூன்றே முக்காலுக்கு யோசித்துப் பார்த்தாள்: பஸ் நிலையம் அரை மணி தூரம். நாலுக்கு மணி அடித்தால் பஸ் போய்விடும். இப்போது அடித்தால் அக்கா போய்விடுவாள். ஃபிளாஸ்கை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

மூன்றாம் மாடி பால்கனியில் நெல்வா.

"அக்கா! தூங்கலையா நீ?"

"இங்க எவடி மத்தியானம் தூங்குறா? ஒரு மணியிலேருந்து திரைக்குப் பின்னாடி நின்னு உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாத்தா கூப்பிட வேண்டியதுதானே!"

"நாலு ஆகலையே. ஒரு தடவ கூப்பிட்டுப் பட்டது பத்தாதா?"

சாலையை உடைத்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம்க்கா. நீ சாட்சிக்கு வரணும்."

"உனக்கா? எத்தன மணிக்கு?"

"பதிவாளர் உங்க தலைநகர்க்காரரு. ரெண்டரைக்கு வெச்சிருக்காரு."

"ரெண்டரைக்கா? நம்ம ஊர்ல எவ முழிச்சிருப்பா?"

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட வந்தேன்."

நெல்வா இறங்கி வந்து கதவைத் திறந்தபோது நாலாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றியும்தான்.