கவரின் பின்பக்கம்

ஆலோசகர் என்ற பட்டத்தோடு எனக்கு ஒரு அறையும் கொடுத்தார்கள். அதுவரை அது விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறை. அவற்றைக் கொண்டுபோய் வைக்க வேறு இடம் இல்லாததால் அவையும் என்னோடு இருந்தன. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், பூட்டுப் போட்ட பச்சை அலமாரி, மூலையில் பூப்பந்து மட்டைகள், கிழிந்த வலை, காற்றுப் போன பந்துகள். எண்பதுகளின் தொடக்கம் அது. கேமரன் மலைக்குக் கீழே இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மனக்குறையை யாரும் வந்து சொல்லலாம், சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது என்று மலாயில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்.

முதல் இரண்டு மாதம் ஒருவரும் மனக்குறையோடு வரவில்லை. மட்டை கேட்டுத்தான் வந்தார்கள். அவர்களில் சிலர் மட்டையைக் கையில் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்கள். நாற்காலியைக் காட்டினால் உட்கார்ந்தார்கள். அந்த அறைக்குள் நுழைய அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதன்பிறகு சாமான்களை அகற்றச் சொல்லி அலுவலகத்தை நச்சரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண்ணும் மட்டை கேட்டுத்தான் வந்தாள். கேமரன் மலையில் நான் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எங்களுடையதற்கு மேல் லைன். நான் படிக்க மலையிறங்கியபோது அவள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் தவழ்ந்துகொண்டிருந்திருப்பாள். எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஆசிரியர் வேலைக்குப் படிக்க வந்த இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அதை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதும் இல்லை.

மட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதன் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடம் சொல்லத்தான் அதிகம் பயமாக இருக்கிறது என்றாள்.

"நீங்க நம்ம எஸ்டேட்டு ஆளு டீச்சர். அங்க ஒரு வார்த்த போனா போதும்."

அலமாரிச் சாவியை என் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டி, ஒரு எழுத்துகூட வெளியே போகாது என்றேன். சொன்னபோது அதை முழுதாக நம்பினேன்.

பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்றால் அவளுக்குக் குரல் வரவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நிற்பாள். ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். தூக்கம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய பயம் வேறு. அவள் சித்தியை ஒரு காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சித்தி குணமாகித் திரும்பி வந்து, வேலைக்குப் போய், சமைத்து, குடும்பம் நடத்தினாள். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரையே லைனில் அந்தக் குடும்பத்துக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். நானும் சின்ன வயதில் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான். இப்போது தனக்கும் அதேதான் என்று தெரிந்தால், வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அந்த வீட்டுப் பெண்தானே என்பார்கள் என்றாள்.

ஐந்து மாதம், வாரம் ஒருநாள் வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள். ஒருநாளும் ஆடியதில்லை. காற்றுப் போன பந்துகளை நாற்காலியில் அடுக்கி, அவற்றுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டாள். ஒருநாள் ஒரு பந்து உருண்டு விழுந்தது. "பாடம் நடக்கும்போது எங்க ஓடுற?" என்று அதை அதட்டினாள். அதட்டிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கல்லூரிக்கு வந்துபோகும் டாக்டர் ஒருவரும் அவளைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். தூக்கம் திரும்பியது. இனி தேறிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வருடக் கடைசி விடுமுறைக்கு அவள் மலைக்குப் போன பிறகு, டாக்டர் தன் தேதியை மாற்றினார். கல்லூரி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக வருவதாகச் சொன்னார். அதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும். நானே நான்கு நாளில் வீட்டுக்குப் போக இருந்தேன். மேல் லைனுக்கு நடந்துபோய் வாயால் சொல்லியிருக்கலாம். கடிதம்தான் போட்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் கடிதம் என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். அறுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, லைனுக்கு வரும் தமிழ்க் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. வாசல்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். கடிதம் யாருக்கு வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோரும் வந்து கேட்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் படித்தால், சாவுச் செய்தி என்று நினைத்து ஆட்கள் ஓடிவந்துவிடுவார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வருபவை எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியின் பொறுப்பு. தபால் எல்லாம் எஸ்டேட் ஆபீஸுக்குத்தான் வரும். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்ததும், கிராணி கடிதங்களைக் கொடுப்பார். புரியாத மொழியில் இருப்பதை அங்கேயே உடைத்து, படித்து, விளக்கமும் சொல்வார். அதை உதவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உதவிதான் அது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. இருந்தும் கல்லூரி முத்திரை போட்ட தாளை எடுத்து, மலாயில் டைப் அடித்தேன். ஆலோசனைப் பிரிவு என்று தலைப்பு. டாக்டர் தேதி, மாத்திரையை நிறுத்த வேண்டாம், அடுத்த சந்திப்பு இத்தனை மணிக்கு. கவரின் முன்பக்கம் அவள் பெயர், அப்பா பெயர், எஸ்டேட் பெயர். பின்பக்கம் யாரும் கேட்காமலே என் பெயரை அடித்து, பக்கத்தில் பி.ஏ. போட்டு, கீழே என் பதவியையும் அடித்தேன். அடிக்கும்போது கிராணியின் முகம் என் கண்முன் இருந்தது. சின்ன வயதில் ஆபீஸ் படிக்குக் கீழேயே என்னை நிறுத்திப் பேசிய மனிதர் அவர். இந்தக் கவரை அவர் திருப்பிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். பார்க்க வேண்டும் என்றுதான் அடித்தேன்.

திருப்பிப் பார்த்தார்.

நான் லோரியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் செய்தி அதுதான். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

"ஒன் லெட்டர பெரட்டுல படிச்சாங்கடி. கிராணி கவர தூக்கி எல்லாருக்கும் காட்டுனாரு. நம்ம புள்ள இப்ப எவ்ளோ பெரிய ஆளு பாருங்கன்னு சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு லா."

பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பிள்ளைக்கும் சித்தி மாதிரிதானா என்று கேட்டாள்.

கடிதத்தை வாங்கிய அவள் அப்பா, மலாயில் இருப்பதைப் பார்த்து, பரீட்சையில் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று பயந்து, படிங்க ஐயா என்று தானே நீட்டியிருக்கிறார். கிராணி ஒரு சொல் பிசகாமல் படித்தார். தமிழில் விளக்கியதும் சரியாகத்தான் விளக்கினார். மனசு சரியில்லாத பிள்ளைகளுக்கு நம்ம டீச்சர் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்கிறார் என்றார். நூறு பேர் கூடையோடும் கொழுந்து வெட்டும் கத்திரியோடும் நின்று கேட்டார்கள்.

மறுநாள் காலை மேல் லைனுக்குப் போனேன். சின்ன வயதில் என்னை வாடி போடி என்று கூப்பிட்ட அவள் அப்பா, வாங்க டீச்சரம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூலையில் அவள் துணிப்பை கட்டியபடி இருந்தது. விடுமுறைக்கு வந்தவள் இன்னும் பிரிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"ஊரு பேசறது எங்களுக்குப் பழக்கந்தான் டீச்சரம்மா. நான் காலேஜுக்குப் போகச் சொல்லித்தான் சொல்றேன். அவதான் மாட்டேங்குறா. மலைக்கு வேலைக்குப் போயிட்டா. நீங்க பேசிப் பாருங்க, கேப்பா."

ஆகவே அவள் திரும்பி வருவதும் வராததும் என் பேச்சில் இருந்தது. ஏறிப் போகும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். வேறு ஊரில் பயிற்சிப் பள்ளி வாங்கித் தரலாம், அறையை மாற்றித் தரலாம், டாக்டரை நானே கூட இருந்து பார்க்கச் செய்யலாம். கையால் கிள்ளுவது போய்க் கத்திரியால் வெட்டும் காலம் அது. நான் தேயிலை நிரைக்குள் நுழைந்ததும் கத்திரிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவள் மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, கீழே லோரிப் பாதைக்குப் போய்ப் பேசலாம் என்றாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அடுக்கி வைத்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஒன்னே ஒன்னு கேக்குறேன் டீச்சர். லெட்டரு ஆபீஸுக்குத்தான் வரும், பெரட்டுலதான் படிப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். என் வாய்வரை வந்தது. தெரியும், கிராணி பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மேலே நிரையில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய ஆளாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"மறந்துட்டேன்மா. கீழ ரொம்ப வருஷம் இருந்துட்டேன்ல."

என் முகத்தைப் பார்த்தாள். சரி டீச்சர் என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை. அவள் கோப்பை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதிலிருந்து உண்மையிலேயே ஒரு எழுத்தும் வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் எஸ்டேட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்கு வந்தார்கள். ஒருவர்கூட மட்டை கேட்டு வரவில்லை.

எண்பதுகள் முடியப்போகும் சமயம், பயிற்சி மாணவர்களைப் பார்வையிடக் கம்போங் ராஜா பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோலா தெர்லாவில் பஸ் நின்றது. சாலையோரக் காய்கறிக் கடையில் ஒரு பெண் மலாயிலும் சீனத்திலும் மாறிமாறி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான். முப்பது பிள்ளைகள் முன்னால் வராத அந்தக் குரல் சாலையின் மறுபக்கம்வரை கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கான மன்னிப்பையும் தேடிக்கொண்டிருந்தேன் என்பது வெட்கமாகவும் இருந்தது.

இறங்கிப் போனேன். முகம் மலர்ந்து வாங்க டீச்சர் என்றாள். கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள், இப்போது நன்றாகத் தூங்குகிறேன் என்று சிரித்தாள். நான் கேட்காமலே பீன்ஸை அள்ளிப் பையில் போட்டாள். இத்தனை வருடம் சுமந்ததை அங்கே நின்று சொன்னேன். அன்றைக்கு நான் மறக்கவில்லை, தெரிந்துதான் அனுப்பினேன், பொய் சொன்னேன் என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. பையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"தெரியும் டீச்சர். மறந்தவங்க கவருக்குப் பின்னால பட்டத்த அடிப்பாங்களா?"

முடிச்சுப் போட்ட பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லெட்டர படிச்சதுக்காக நான் காலேஜ விட்டு நிக்கல. நீங்க வருவீங்க, வந்து உள்ளத சொல்லிருவீங்க, சொன்னா ஒங்க கூடவே கெளம்பிரலாம்னு இருந்தேன். அப்பாகிட்டதான் மாட்டேன்னு சொல்லிட்டிருந்தேன். துணியெல்லாம் அப்பவே கட்டி வச்சிருந்தேன்."

மூலையில் கிடந்த அந்தப் பை என் நினைவுக்கு வந்தது. பஸ்காரர் ஹாரன் அடித்தார். பீன்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.