பாரசீக ஒலி கேட்கப் போன நாள்

எனக்குக் காது போனால் வேலையும் போய்விடும். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிறவள் நான். டாக்டர் சொல்லும் மருந்தளவு என் காதில் பிழையாக விழுந்தால் யார் பதில் சொல்வது? அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. எனக்கு நாற்பத்தொன்பது. இந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை.

"டிவியை ஏன் இவ்வளவு சத்தமா வைச்சிருக்கிறீர்?" என்பார் கணவர்.

"உங்கட டிவி பழசு," என்று அவர் வாயை அடைத்துவிடுவேன்.

பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு ஈரானியப் பெண் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பாரசீக ஒலிகள் தமிழர் காதில் எப்படி விழுகின்றன என்று பார்க்க ஆள் தேடினாள். மறுத்தால் சந்தேகப்படுவாளோ என்று போனேன். குற்றமுள்ள நெஞ்சல்லவா!

சின்ன அறை, ஹெட்ஃபோன், இரண்டு பொத்தான்கள். 'பால்' என்பதன் முதல் ஒலி கேட்டால் சிவப்பு, 'பஸ்' என்பதன் முதல் ஒலி கேட்டால் நீலம். இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் பால்தான். சிவப்பையே அமுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்துக்காக இடையிடையே நீலத்தையும் அமுக்கினேன். "என்ன, என்ன?" என்று தலையைச் சாய்த்துக் கேட்கும் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

முடிந்ததும் பொறுக்க முடியவில்லை. என் காதில் ஏதும் பிழையா என்று ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன்.

அவள் சிரித்தாள். பாரசீகத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த 'பஸ்' ஒலிக்குப் பெரும்பாலும் தொண்டை அதிராதாம். பின்னால் மூச்சு எவ்வளவு தள்ளிக்கொண்டு வருகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் இரண்டையும் பிரிப்பார்களாம். தமிழ்க் காது அந்த மூச்சைப் பொருட்படுத்திப் பழகவில்லை, வந்த தமிழர்கள் எல்லாரும் உங்களைப் போலத்தான் என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு வடை சுட்டுத் தருவதாகக்கூட வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று பாக்கி என்றாள். கருவி அப்போதுதான் அவள் கைக்கு வந்ததாம். மெல்லிய 'பீப்' கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்த வேண்டும். முதலில் வலது காது. சந்தோஷமாக ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கினேன். அடுத்து இடது என்று சைகை காட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

எப்போது தொடங்குவாய் என்று கேட்டேன்.

முடிந்துவிட்டது என்றாள்.