கோணல் லேபிள்

லினக்ஸ் கணினிகளுக்கு மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டித் தரும் களஞ்சியம் ஒன்றில் நான் தன்னார்வலர். இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் வேறு, நாங்கள் வெளியாட்கள். அதனாலேயே விதிகளில் கறாராக இருப்போம். இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளில் கை வைக்கக் கூடாது. உரிமம் தெளிவில்லாததைச் சேர்க்கக் கூடாது. பயன்படுத்துபவர் தன் வசதிக்குத் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு அழித்துவிடக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறி மற்ற தன்னார்வலர்கள் அனுப்பிய பொதிகளை, 'விதிகளைப் படிக்கவும்' என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிழைப்புக்குக் கொல்லிமலையில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை மலையேறுவேன். அங்கே பாக்கெட்டுகளுக்கு லேபிள் அச்சிடும் மென்பொருள் நான் கட்டிய பொதிதான். அதன் புதிய பதிப்பைக் களஞ்சியத்தில் ஏற்றினேன். சங்கத்துக் கணினி தானாக அதை எடுத்துக்கொண்டது.

மறுநாள் நான் போனபோது மேசையெங்கும் கோணல் லேபிள்கள். ஊர்ப்பெயர் பாதி, எடை பாதி. வாசலில் லாரி.

"கண்டதையும் நோண்டாத அம்மிணின்னு எத்தன வாட்டி சொல்றது? லேபிளுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று செயலாளர் எழுத்தர் அக்காவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நாந்தானுங்க எதையோ அமுக்கிப்புட்டனாட்ட இருக்குது."

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அந்த மலிவான லேபிள் சுருளுக்கு ஏற்ப அக்கா மெல்ல மெல்ல சரிசெய்து வைத்திருந்த அளவுகள் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோப்பைத் தொடாதே என்று பொதியில் குறித்திருக்க வேண்டும். நான் குறிக்கவில்லை.

"அப்டேட்ல ஏதோ ஆயிருக்கு" என்றேன். யாருடைய அப்டேட் என்று சொல்லவில்லை.

அக்கா ஸ்கேலால் அளந்து சொல்ல, நான் எண்களைத் தட்டினேன்.

"பேரில்லாமலே போகட்டுங்க, மொளகு காரமா கொறஞ்சுபோவுது?" என்றார் லாரிக்காரர். செயலாளர்கூடச் சிரித்துவிட்டார்.

லாரி இறங்கிப் போன பிறகுதான் வாய் வந்தது. "தப்பு அக்காவோடது இல்லைங்க. என்னோடது."

"மேடத்துக்கு எளகின மனசு" என்றார் செயலாளர். "சரி, உங்களுக்காக விடறேன். ஆனா நீங்க இல்லாதப்ப அம்மிணி அதத் தொடக் கூடாது."

"நெசமாவே நான் செஞ்சதுங்க" என்றேன். அவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

பேருந்து நிறுத்தம் வரை அக்கா கூடவே வந்து, ஒரு மிளகுப் பாக்கெட்டை என் பையில் திணித்தார். "எனக்காகப் பொய்யெல்லாம் சொன்னீங்களே, கண்ணு."

இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் பேருந்தில் ஏறினேன். அவர் கையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே பொதியைத் திருத்தி ஏற்றிவிட்டேன். ஒரு சொல் சேர்த்தால் போதுமாயிருந்தது.

அடுத்த வாரம் போனபோது கணினிமேல் துண்டு போர்த்தியிருந்தது. பக்கத்தில் லேபிள் ஒட்டாத பாக்கெட்டுகள் சாக்குச் சாக்காக நின்றன.

"மேடம் வரட்டும்னு இருந்தனுங்க" என்று அக்கா எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார்.