சிறகியின் வளையமும் சுருங்கிய பக்கமும்

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத் தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். நான் அப்போது காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அண்ணனுக்கு விவசாயம். வந்தவர் காபியைக்கூடத் தொடாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன உலோக வளையம்.

"கண்மாயில கெண்டைக்கு வலை போட்டிருந்தேன்ல? அதுல ஒரு சிறகி மாட்டிச் செத்துக் கிடந்துச்சு. அது கால்ல இது இருந்துச்சுத்தா."

சிறகி என்பது ஒரு சின்ன வாத்து. மழை ஓய்ந்ததும் கூட்டமாக எங்கள் கண்மாய்க்கு வரும், வெயில் ஏறினால் போய்விடும். எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. வளையத்தில் ஓர் எண்ணும், ஆங்கில எழுத்தில் வாயில் நுழையாத ஓர் ஊர்ப் பெயரும் இருந்தன.

"யாரோ கையால மாட்டி விட்டிருக்காக. அவுகளுக்குத் தகவல் சொல்லணும். கொன்னது என் வலை."

எனக்கு ஒரே ஓர் இடம்தான் தோன்றியது. காலேஜ் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் அதையே பாதியாகத் தடுத்து, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். பள்ளிக்குப் பாடப் படங்கள் தேட அங்கே நாலைந்து தடவை போயிருக்கிறேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மோடம் கீச்சிட்டு, கரகரத்து, அடங்கியது. தேடிய அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. பறவைப் பித்துப் பிடித்த யாரோ ஓர் ஐரோப்பியர் தனியாளாகச் செய்து வைத்தது. இடது ஓரத்தில் நாடுகளின் பட்டியல், வலது பக்கம் பெரிதாக ஒரு பறவைப் படம், அதற்கு மேலே நீல எழுத்தில் ஒரு வரி: வளையம் கிடைத்ததா, இங்கே சொல்லுங்கள். அழுத்தினேன்.

திரை ஒரு முறை வெளுத்தது. எழுதுவதற்குப் படிவம் வரும் என்று பார்த்தால், வலது பக்கத்துக்குள் அதே பக்கம் முழுசாக மறுபடி வந்து உட்கார்ந்தது. அதே பட்டியல், அதே பறவை, அதே நீல வரி. உள்ளே வந்ததை அழுத்தினேன். அதற்குள்ளும் இன்னொன்று. பட்டியல் பக்கத்தில் பட்டியலாக வரிசை கட்டி நிற்க, பறவை வலது ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. ஐந்தாவது தடவை இறக்கையின் நுனி மட்டும் தெரிந்தது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஏத்தா, செட்டியார் வீட்டு வாசல்ல நின்னு உள்ள பாத்த மாதிரி நிலைவாசலுக்குள்ள நிலைவாசலால்ல போகுது!"

எரிச்சல்பட வேண்டிய நேரம். ஆனால் எனக்கும் வாய் பிளந்துதான் இருந்தது. அதற்கு ஒரு முடிவு இருக்குமா என்று பார்க்கவே இன்னொரு தடவை அழுத்தினேன்.

சென்டர்க்காரர் வந்தார். "என்ன டீச்சர் பண்ணுனீக? லைன் கோளாறா இருக்கும், விடுங்க." இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டார். அதே கூத்து. கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். அதே கூத்து. "வைரஸா இருக்குமோ?" என்று முகம் சுருங்கினார்.

"சார், அந்த இன்னொரு கம்ப்யூட்டர்ல பாக்கலாமா?" என்றேன். சோதனைச் சாலையில் மாணவிகளுக்கு நான் சொல்வதுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதிலும் பட்டியல்கள் அச்சுப் பிசகாமல் வரிசை கட்டின. இரண்டு இயந்திரத்திலும் ஒரே மாதிரி என்றால் கோளாறு இங்கே இல்லை. கடலுக்கு அப்பால், அந்தப் பக்கத்தை எழுதினவர் கையில் இருக்கிறது. அதைச் சொன்னதும் சென்டர்க்காரர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. ஆனா அவுக தப்பு செஞ்சா நாம என்ன செய்ய முடியும்?"

அண்ணன் மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ரெண்டு பொத்தான் இருக்கே. நீங்க ஒண்ணத்தான அமுக்குறீக. அந்த இன்னொண்ணு எதுக்கு?"

நானும் சென்டர்க்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீல வரியின் மேல் அம்பை வைத்து வலது பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் ஒன்று, புதிய ஜன்னலில் திற என்றது. திறந்தேன்.

புது ஜன்னலில் முதலில் வந்தது அந்தப் பக்கம்தான், முழு அகலத்துக்கு. மனசு விட்டுப்போனது. ஆனால் இந்தத் தடவை அடியில், இதுவரை நெருக்கடியில் கண்ணுக்கே படாமல் இருந்த ஒரு சின்ன வரி தெரிந்தது: 'படிவம்'. அதையும் வலது பொத்தானாலேயே திறந்தேன். படிவம் வந்தது. வெறும் வெள்ளைத் தாள் போல, திரை நிறைய.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று சென்டர்க்காரர் போட்ட சத்தத்தில் பூத்தில் பேசிக்கொண்டிருந்தவர் ரிசீவரோடு எட்டிப் பார்த்தார்.

எண், ஊர், நாள் எல்லாம் நிரப்பினேன். பறவை எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் கை நின்றது.

"செத்துக் கிடந்ததுன்னு மட்டும் போடவாண்ணே?"

"வேண்டாம். என் வலைல செத்துச்சுன்னே எழுது."

எழுதினேன். கடைசியில், உங்கள் நீல வரி படிவத்துக்குப் போகாமல் பக்கத்துக்குள் பக்கமாகத் திறக்கிறது, இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டோம் என்றும் சேர்த்தேன். பதில் வருவதற்காகச் சென்டர்க்காரர் அன்றைக்கே எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார். அதையும் படிவத்தில் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போனேன். கடிதம் வந்திருந்தது. அந்தப் பக்கத்தைச் செய்த ஐரோப்பியர்தான் எழுதியிருந்தார், என்னிடம் மன்னிப்புக் கேட்டு. படிவம் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததால் அந்த நீல வரியை ஒரு நாளும் தான் அழுத்தியதில்லையாம். பல மாதமாக ஒருவரும் வளையம் பற்றி எழுதாதது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். காரைக்குடி எங்கே என்று வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தார். "சரி செய்துவிட்டேன். இப்போது அழுத்திப் பாருங்கள்."

அழுத்தினேன், இடது பொத்தானால்தான். படிவம் திரை முழுக்க நேராகத் திறந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு குழாய் ஒழுகினால் மூன்று மனு எழுத வேண்டும். இங்கே, முகம் தெரியாத ஒருவர், நான் சொன்ன ஒரு வரிக்காக எழுந்துபோய்த் தன் வீட்டு வாசலையே திருத்தி வைத்திருக்கிறார். அந்தத் திருத்தம் எனக்கு மட்டுமல்ல, உலகத்தில் யார் அழுத்தினாலும் அவர்களுக்கும். காலேஜ் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அந்தப் படிவத்தை மூடுவதும் திறப்பதுமாக எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

வளையத்துக்கான பதில் மாசியில் வந்தது. ரஷ்யாவில், சைபீரியப் பக்கம் ஓர் ஏரிக்கரையில், குஞ்சாக இருந்தபோது மாட்டியது. நான்கு கோடைக்கு முன்னால். தகவலுக்கு நன்றி, வலையைப் பற்றி உண்மையாக எழுதியதற்குக் கூடுதல் நன்றி என்றிருந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊருக்குப் போய் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பள்ளியிலிருந்து கொண்டுபோன அட்லஸில் விரலை வைத்துக் காரைக்குடியிலிருந்து மேலே, மேலே கொண்டுபோனேன். இமயமலையைத் தாண்டியும் விரல் நிற்காததை அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனார். எதிர்க்கரையோரத் தண்ணீரில் இருநூறு, முந்நூறு சிறகிகள் மிதந்துகொண்டிருந்தன.

"இதுக காலுல எல்லாம் வளையம் இருக்காதேத்தா," என்றார் மெதுவாக. "இதுக ஒவ்வொண்ணும் எந்த ஊரோ!"